அப்பத்தாவின் மக்ரோனிச் சட்டி: கோதுமை, மைதா இல்லாமல் செய்ய வழி உண்டா?

பள்ளத்தூர்ப் பேத்தி
ஏப்ரல் 3, இரவு 9.40

தம்பி மகளுக்கு ஒன்பது வயது. சீலியாக் நோய் என்று போன வருடம் உறுதியானது. கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் அவள் குடலுக்கு ஆகாது, அதனால் மூன்றும் இனி எப்போதும் கூடாது. மே மாதம் எல்லாரும் பள்ளத்தூர் வீட்டில் கூடுகிறோம். பிள்ளைகள் சேர்ந்துவிட்டால் மக்ரோனிச் சட்டி செய்யாமல் தப்பிக்க முடியாது. ஐயா பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போயிருந்த காலத்தில் அப்பத்தாவும் சில வருடம் அங்கே இருந்தார். அங்கே பழகிக்கொண்டு வந்த பதார்த்தம். கேசரோல் என்று சொல்கிறார்களே, அந்த வகைதான். ஆனால் உள்ளே இருக்கும் கறி முழுக்க நம் ஊர்.

அரைக் கிலோ கொத்துக்கறி. சோம்பு, மிளகு, பட்டை, கல்பாசி, வரமிளகாய் வறுத்து அரைத்து, சின்ன வெங்காயமும் தக்காளியும் போட்டுத் தொக்காகச் சுண்ட வைக்க வேண்டும். இறக்கும்போது ஒரு தேக்கரண்டி சோயா சாஸ். 400 கிராம் மக்ரோனியை வேக வைத்து வடித்துக்கொள்ள வேண்டும். 60 கிராம் வெண்ணெயில் 60 கிராம் மைதாவை வறுத்து, முக்கால் லிட்டர் பால் ஊற்றிக் காய்ச்சினால் வெள்ளை சாஸ். அது ஆறியதும் இரண்டு முட்டை அடித்துச் சேர்ப்பார். பெரிய எனாமல் சட்டியில் மக்ரோனி, கறி, சாஸ் என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலே ரொட்டித் தூளும் சீஸும். அந்தக் காலத்தில் அடியில் தணல், மூடி மேலேயும் தணல். இப்போது ஓடிஜி என்கிற மின் அடுப்பு.

மக்ரோனி, மைதா, ரொட்டித் தூள் என்று மூன்று இடத்தில் கோதுமை கண்ணுக்குத் தெரிகிறது. இதை எடுத்துவிட்டால் சட்டியில் கறியும் பாலும்தான் மிஞ்சும். அவளுக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் தனியாகச் செய்துவிடலாம் என்கிறார் சின்னாத்தா. எனக்கு அதில் மனமில்லை. அப்பத்தாவோ, "அரிசி மாவைப் போட்டா அது கொழுக்கட்டை, மக்ரோனி இல்ல" என்று முடித்துவிட்டார். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?


கண்டனூரான்
ஏப்ரல் 3, இரவு 10.05

குளூட்டன் இல்லாத பாஸ்தா ஆன்லைனில் கிடைக்கிறதே. விலை கொஞ்சம் கண்ணைக் கட்டும். வருடத்தில் ஒரு நாள்தானே, வாங்கிப் போடுங்கள். மைதாவுக்குப் பதில் கார்ன் ப்ளவர். முடிந்தது கதை.


ஈப்போ வள்ளி
ஏப்ரல் 4, காலை 6.18

கண்டனூர் அண்ணே, அவ்வளவு லேசில்லை. அரிசி, மக்காச்சோளத்தில் செய்த பாஸ்தாவைத் தண்ணீரில் வேக வைத்துச் சாப்பிட்டால் நன்றாகத்தான் இருக்கும். சாஸில் ஊறி மறுபடி அரை மணி நேரம் அடுப்பில் இருந்தால் கூழாகிவிடும், இல்லை துண்டு துண்டாக உடையும். கோதுமையில் குளூட்டன் ஒரு வலைபோல ஸ்டார்ச்சைப் பிடித்து வைத்திருக்கும். இதில் அந்த வலை கிடையாது. அந்தப் பாஸ்தாதான் வேண்டும் என்றால் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வெந்ததும் வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, வெண்ணெய் புரட்டி வையுங்கள். மீதி வேக்காடு சாஸிலேயே ஆகட்டும்.

பேத்தி, நீங்கள் எழுதியிருப்பது எங்கள் பக்கம் மக்ரோனி பை என்று சொல்வதுதான். பினாங்கில் வெள்ளைக்காரர் வீடுகளில் அடுப்படியைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள். அவர்கள் கைப்பக்குவம் இது. சோயா சாஸ் அதில் நுழைந்தது அப்படித்தான். அந்தச் சோயா சாஸையும் உங்கள் கணக்கில் சேருங்கள். வழக்கமான சோயா சாஸ் சோயாவும் கோதுமையும் சேர்த்துப் புளிக்க வைப்பது. உங்களுக்கு நாலு இடம்.


பழைய சோறு
ஏப்ரல் 4, காலை 8.31

இதெல்லாம் மேல்நாட்டுக்காரன் கிளப்பிவிட்ட புது வியாதி. நம் தாத்தாக்கள் யாருக்காவது இது இருந்ததா? ரொம்பப் பயமாக இருந்தால் பாரம்பரிய சம்பா கோதுமையில் மக்ரோனி செய்து கொடுங்கள். பழைய ரகம், ஒன்றும் செய்யாது. என்னைக் கேட்டால் வீட்டில் எல்லாருமே கோதுமையை விட்டுவிடுவது நல்லது.


வைகைக்கரை
ஏப்ரல் 4, காலை 11.47

நான் மதுரையில் மருத்துவமனை ஒன்றில் உணவியலாளர். பழைய சோறு ஐயா எழுதியதை அப்படியே விட்டால் யாராவது நம்பிவிடுவார்கள் என்பதால் எழுதுகிறேன்.

சம்பா கோதுமையும் கோதுமைதான். அதிலும் குளூட்டன் இருக்கிறது. சீலியாக் உள்ள குழந்தைக்கு அது கூடவே கூடாது. இது புது வியாதியும் இல்லை. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்தப் பிள்ளைகள் தேறியதையும், ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி மோசமானதையும் கவனித்தார். கோதுமைதான் காரணம் என்று 1950இல் ஆய்வேடே எழுதிவிட்டார். நம் நாட்டில் வடக்கே நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில் இருக்கிறது, தெற்கே அதைவிட மிகக் குறைவு. நம் தாத்தாக்கள் மூன்று வேளையும் சோறும் கம்பும் கேழ்வரகும் சாப்பிட்டவர்கள். யாருக்காவது இருந்திருந்தாலும் எப்படி வெளியே தெரியும்?

இது அலர்ஜி இல்லை. குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உள்சுவரையே தாக்கும். சத்தை உறிஞ்சும் சின்னச் சின்ன விரல் போன்ற பகுதிகள் தேய்ந்து போகும். வயிற்று வலி, வயிற்றுப்போக்கு வரலாம். ஒன்றுமே தெரியாமல் ரத்தசோகை, உயரம் கூடாமல் போவது என்றும் வரலாம். அதனால் "சாப்பிட்டாளே, ஒன்றும் ஆகவில்லையே" என்று யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள்.

எல்லாரும் கோதுமையை விட வேண்டும் என்பதும் சரியில்லை. சந்தேகம் இருக்கிறவர்கள் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தாலும் சோதனையில் இல்லை என்று வரலாம். பேத்தி, உங்கள் தம்பி, தம்பி மனைவி, குழந்தையின் உடன்பிறப்புகள் எல்லாரும் ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது. குடும்பத்தில் ஓடும் வியாதி இது.


பழைய சோறு
ஏப்ரல் 4, மதியம் 12.20

சரி அம்மா. சம்பா கோதுமை விஷயம் எனக்குப் புதிது. ஆனால் கம்பும் கேழ்வரகும் சாப்பிட்டார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதைத்தானே நானும் சொல்கிறேன்!


அடுப்படி ஆச்சி
ஏப்ரல் 4, மாலை 5.10

காரைக்குடியில் விசேஷ வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பேத்தி, அப்பத்தா உங்களுக்கு வழி சொல்லிவிட்டார், நீங்கள்தான் கவனிக்கவில்லை. கொழுக்கட்டையே போடுங்கள்.

பால் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்து, முறுக்கு உழக்கில் பெரிய கண் அச்சுப் போட்டு, பிழியப் பிழிய நறுக்கிப் போடுவோமே, அதேதான். தேங்காய்ப் பாலில் விடாமல் ஆவியில் வேக வையுங்கள். 400 கிராம் மக்ரோனி என்றால் 400 கிராம் வறுத்த பச்சரிசி மாவு, இடியாப்பத்துக்கு எடுக்கும் அதே மாவு. உப்பு, ஒரு தேக்கரண்டி வெண்ணெய், தளதளவென்று கொதிக்கும் தண்ணீர். மாவு குடிக்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் அழுத்திப் பிசைய வேண்டும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் விரிந்துபோகும். கொதிநீரில்தான் அரிசி வெந்து பசை விடும். மைதாவுக்கு இருக்கும் இழுவை இதற்குக் கிடையாது, அதைச் சூட்டில்தான் வாங்க வேண்டும்.

பிழிந்ததை விரல்கணு நீளத்துக்கு நறுக்கி, இட்லித் தட்டில் நெருக்காமல் பரப்பி, பத்து நிமிடம். பிறகு நன்றாக ஆற விடுங்கள். இதுதான் முக்கியம். சூட்டோடு அடுக்கினால் குழைந்து ஒன்றாகிவிடும். ஆறினால் இறுகி, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பல்லுக்கு அகப்படும். நடுவில் ஓட்டை இருக்காது என்பது ஒன்றுதான் வித்தியாசம். பிள்ளைகள் ஓட்டையை எண்ணியா சாப்பிடப் போகிறார்கள்!

மேலே ரொட்டித் தூளுக்குத் தேன்குழலை நொறுக்கிப் போடுங்கள். பச்சரிசியும் உளுந்தும்தானே. சீஸோடு சேர்ந்து முறுகும்போது ரொட்டித் தூளைவிட நன்றாக இருக்கும். வீட்டில் சுட்ட தேன்குழல் என்றால்தான் இது. கடைத் தேன்குழல் எந்த எண்ணெயில் பொரித்தது, அதில் முன்னே என்ன பொரித்தார்கள் என்று நமக்குத் தெரியாது.


கண்டனூரான்
ஏப்ரல் 4, மாலை 5.42

ஆச்சி, இதைக் கேட்டதும் பசிக்கிறது. தேன்குழல் சுடும் சிரமம் எதற்கு, கார்ன் ஃப்ளேக்ஸை நொறுக்கினால் ஆகாதா? மக்காச்சோளம்தானே?


வைகைக்கரை
ஏப்ரல் 4, மாலை 6.15

ஆகாது. பெரும்பாலான கார்ன் ஃப்ளேக்ஸில் சுவைக்காகப் பார்லி மால்ட் சேர்க்கிறார்கள். மால்ட் என்று எங்கே பார்த்தாலும் பார்லி என்று எடுத்துக்கொள்ளுங்கள். மால்ட் பானங்கள், மால்ட் வினிகர் எல்லாம் இதில் அடக்கம். கேழ்வரகு சேமியா, சிறுதானிய நூடுல்ஸ் என்று விற்பதிலும் பாதிக்குப் பாதி கோதுமையோ மைதாவோ இருக்கும். முன்பக்கப் படத்தை நம்பாமல் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லை என்றாலும் கோதுமையோடு சேர்ந்தே பாக்கெட்டாவதால் அதையும் தவிர்க்கலாம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த அளவு எவ்வளவு சொற்பம் என்று யோசித்தால் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறோம் என்று புரியும்.

அடுத்தது பெருங்காயம். டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பது சர்வசாதாரணம். சில கம்பெனிகள் அரிசி மாவு கலக்கின்றன. மக்ரோனிச் சட்டியில் பெருங்காயம் இல்லை, ஆனால் ஆச்சி சொன்ன தேன்குழலில் போடுவோம். அன்றைய சாம்பார், ரசம், ஊறுகாய் எல்லாவற்றிலும் இருக்கும்.


பள்ளத்தூர்ப் பேத்தி
ஏப்ரல் 4, இரவு 9.02

பெருங்காயத்திலா! டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், கோதுமை மாவு என்று எழுதியே இருக்கிறது. ஆச்சி சொன்ன கொழுக்கட்டை யோசனையை அப்பத்தாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுக்கவும் இல்லை, அதுவே பெரிய விஷயம்.

மாவு மட்டும் கவலையில்லை. வீட்டில் அரிசி ஊற வைத்து, காய வைத்து, வழக்கமாகக் கொடுக்கும் மாவு மில்லில் கொடுத்துத் திரித்துவிடுவோம்.


புதுவயல் ரைஸ்மில்
ஏப்ரல் 5, காலை 7.25

அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன் தங்கச்சி. மில்லில் கொடுக்காதீர்கள்.

எங்களுடையது நெல் அரவை மில். உள்ளே நெல்லைத் தவிர வேறு வராது. தெருவில் இருக்கும் மாவு மில் அப்படி இல்லை. காலையில் ஒருவர் கோதுமை கொண்டு வருவார், அடுத்தவர் மிளகாய், அடுத்தவர் பச்சரிசி. மிளகாய்க்குத்தான் தனி மெஷின் வைத்திருப்பார்கள். கோதுமையும் அரிசியும் பல இடங்களில் ஒரே மெஷின். அரைத்து முடித்ததும் கல்லுக்குள்ளேயும் துணிக்குழாயிலும் ஒட்டியிருக்கும் மாவு எங்கேயும் போகாது, அடுத்தவர் மாவோடுதான் இறங்கும். கவனமான மில்காரர் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டித் தள்ளுவார். சாதாரண வீட்டுக்கு அது போதும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று மேலே எழுதியிருக்கிறார்களே, அந்தக் கணக்குக்கு அது எந்த மூலைக்கு?

வீட்டு மிக்ஸியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சல்லடையும் புதிதாக ஒன்று வாங்குங்கள். கோதுமை மாவு சலித்த சல்லடையை எத்தனை முறை கழுவினாலும் கம்பி இடுக்கில் இருக்கும்.


அடுப்படி ஆச்சி
ஏப்ரல் 5, காலை 9.50

மில்காரத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. என் மனதில் முறுக்கு உழக்கு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நிறையப் பேர் மைதாவை ஆவியில் வேக வைத்து முறுக்குச் சுற்றுகிறார்கள். உங்கள் உழக்கில் எப்போதாவது அது நடந்திருந்தால் அச்சின் கண்ணை ஊசி விட்டுக் குத்தி, வெந்நீரில் ஊறப் போட்டுத் தேய்க்க வேண்டும். பித்தளை என்றால் தேய்த்துச் சுத்தம் செய்துவிடலாம். மர உழக்கு என்றால் அதைத் தொடாதீர்கள். மரக்கரண்டி, பூரிப் பலகை, சப்பாத்திக் கட்டை எல்லாம் அன்று வெளியே. எனாமல் சட்டியில் பயமில்லை, வழவழப்புதானே. ஓரம் பெயர்ந்த இடம் இருந்தால் மட்டும் நன்றாகத் தேயுங்கள். ஓடிஜியின் கம்பித் தட்டில் ரொட்டி சுட்ட துகள் உதிர்ந்து கிடக்கும், அதையும் பாருங்கள்.

சின்னாத்தா தனிக் கிண்ணம் என்றாரே, அதற்கும் சொல்கிறேன். பந்தியில் இருபது பேர் நடுவில் இரண்டு சட்டி வைத்தால் கரண்டி மாறாமல் இருக்காது. யாராவது ஒரு பிள்ளை அதை எடுத்து இதில் போடும். எல்லாருக்கும் ஒரே சட்டி, அரிசிச் சட்டி. செலவும் குறைவு, வேலையும் ஒன்று.


மானகிரி மருமகள்
ஏப்ரல் 5, மதியம் 1.33

எல்லாருக்கும் ஒரே சட்டி என்பதை நான் முழு மனதோடு ஏற்கவில்லை. என் வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரைக்காக எல்லாருமே உப்புச்சப்பில்லாமல் சாப்பிட ஆரம்பித்து, கடைசியில் அவருக்கே சங்கடமாகிவிட்டது. "எனக்காக இத்தனை பேரா" என்று சாப்பாட்டு நேரத்தில் ஒதுங்கிப் போனார். அந்தப் பிள்ளையிடம் கேட்டீர்களா? ஒன்பது வயதுக்கு விவரம் தெரியும்.


பள்ளத்தூர்ப் பேத்தி
ஏப்ரல் 5, இரவு 8.47

கேட்டேன், போனில். "எல்லாரும் அதையே சாப்பிட்டா எனக்கு மட்டும்னு யாரும் சொல்ல மாட்டாங்கல்ல" என்றாள். அப்புறம், "பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துல மாதிரி யாரும் பிஸ்கட் திணிக்க மாட்டீங்கல்ல" என்றும் கேட்டாள். அதனால் ஒரே சட்டி. மருமகள் சொன்னதும் நியாயம்தான், கேட்காமல் செய்திருக்க மாட்டேன்.

மாவு வீட்டில் அரைக்கிறேன். சாஸுக்கு என்ன அளவு? அதை யாரும் சரியாகச் சொல்லவில்லையே.


ஈப்போ வள்ளி
ஏப்ரல் 6, காலை 6.40

கார்ன் ப்ளவர் வேண்டாம் என்பேன். பளபளவென்று கெட்டியாகும், ஆனால் சட்டியில் அரை மணி நேரம் கொதித்தால் இளகிவிடும். மறுநாள் தண்ணீர் விட்டுப் பிரியும். பச்சரிசி மாவு நின்று பிடிக்கும். மைதா எவ்வளவு எடையோ அதே எடை அரிசி மாவு, ஆனால் செய்கிற விதம் வேறு. மைதாவை வெண்ணெயில் வறுப்பது பச்சை வாடை போகவும், கட்டி தட்டாமல் இருக்கவும். அரிசி மாவைக் கால் பங்கு ஆறிய பாலில் கரைத்துக்கொண்டு, மீதிப் பால் வெண்ணெயோடு சூடேறியதும் ஊற்றிக் கைவிடாமல் கிண்டுங்கள். கொதி வந்த பிறகும் ஐந்து நிமிடம் சிறுதீயில் இருக்கட்டும். அவசரப்பட்டு இறக்கினால் நாக்கில் நறநறவென்று இருக்கும். மாவு நைசாக இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி மட்டும் கார்ன் ப்ளவர் கலந்துகொள்ளலாம், அது வழவழப்புக்கு. ஜாதிக்காய் ஒரு சிட்டிகை துருவிப் போடுங்கள். பினாங்கில் பழகியவர் என்றால் உங்கள் அப்பத்தா கண்டுபிடித்துவிடுவார்.

சோயா சாஸுக்குப் பதில் தமரி என்று ஒன்று விற்கிறது. பெரும்பாலும் கோதுமை இல்லாமல் செய்வது, ஆனால் சிலதில் கொஞ்சம் சேர்ப்பார்கள், பாட்டிலைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரு தேக்கரண்டிக்காக அந்தப் பாட்டில் தேவையா என்பதும் கேள்விதான். கறியை இன்னும் கொஞ்சம் அடிப்பிடிக்கும் வரை சுண்ட விட்டு, கால் தேக்கரண்டி புளிக்கரைசலும் ஒரு துளி கருப்பட்டியும் விட்டால் அந்த நிறமும் உவர்ப்பான இனிப்பும் வந்துவிடும்.

ஆச்சியின் கொழுக்கட்டை யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. பினாங்கு லக்சாவில் போடும் தடித்த வெள்ளை நூடுல்ஸும் அரிசியில் செய்வதுதான்.


பள்ளத்தூர்ப் பேத்தி
ஏப்ரல் 13, மாலை 4.25

சித்திரைப் பிறப்புக்கு முன் ஒரு ஒத்திகை பார்த்தாயிற்று. விவரமாகச் சொல்கிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

கொழுக்கட்டை அற்புதமாக வந்தது. பிழியும்போது கை வலி, அதை மட்டும் யாராவது ஆண்பிள்ளைகளிடம் தள்ளிவிடுங்கள். சாஸ்தான் இடித்தது. முக்கால் லிட்டர் பாலுக்கு 60 கிராம் அரிசி மாவு என்று அப்படியே செய்தேன். கொழுக்கட்டை மக்ரோனியைவிட அதிகமாகக் குடிக்கிறது. வெளியே எடுத்தபோது நடுவில் வறண்டு, ஓரம் மட்டும் ஈரம். அடுத்த முறை மாவைக் கூட்டாமல் பாலை 900 மில்லியாக்கினேன். ஊற்றும்போது ரொம்பத் தண்ணீராக இருக்கிறதே என்று தோன்றும், பயப்பட வேண்டாம். 180 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம், கடைசி ஐந்து நிமிடம் மேல் கம்பி மட்டும். எடுத்ததும் வெட்டக்கூடாது. இருபது நிமிடம் சும்மா இருந்தால் முட்டை இறுகி, துண்டு துண்டாக வருகிறது. சூட்டில் வெட்டியது சரிந்துபோனது.

தேன்குழல் மேல்பூச்சு, மகுடம். பெருங்காயம் போடாமல் சீரகமும் எள்ளும் மட்டும் போட்டுச் சுட்டோம். புது எண்ணெய்.

அப்பத்தா ஒரு கரண்டி சாப்பிட்டார். "கறி சரியா இருக்கு. சாதிக்கா போட்டியா?" என்றார். கொழுக்கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் கரண்டி அவரே போட்டுக்கொண்டார். பிறகு, நறுக்கும்போது சாய்வாக நறுக்கு, சாஸ் நல்லாப் பிடிக்கும் என்றார்.


கண்டனூரான்
ஏப்ரல் 13, மாலை 5.00

அப்பத்தா பாஸ் பண்ணிவிட்டார்!


வைகைக்கரை
ஏப்ரல் 13, இரவு 7.36

மகிழ்ச்சி. அந்த வாரம் முழுக்க வேறு என்ன பலகாரம் வரும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். வெள்ளைப் பணியாரம், கவுணி அரிசி, கந்தரப்பம், கும்மாயம், இடியாப்பம் எல்லாம் அரிசி பருப்பு வகை. மாவும் எண்ணெயும் சுத்தமாக இருந்தால் கவலையில்லை. ரெங்கூன் புட்டு ரவை, அது ஆகாது. உக்காரையில் ரவை சேர்க்கும் வீடுகள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். பணியாரம் சுடும் எண்ணெயில் முன்னால் போண்டா, சமோசா எதுவும் பொரித்திருக்கக்கூடாது. பொரித்தாலும் வேக வைத்தாலும் குளூட்டன் அழியாது.


ராங்கியம் சைவம்
ஏப்ரல் 14, காலை 10.12

புத்தாண்டு வாழ்த்துகள். எங்கள் வீட்டில் கறி, முட்டை இரண்டும் கிடையாது. இதைச் சைவமாகச் செய்தால் நிற்குமா? மீல்மேக்கர் போடலாமா?


அடுப்படி ஆச்சி
ஏப்ரல் 14, காலை 11.30

போடலாம், ஆனால் பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்துவிட்டுப் போடுங்கள். என் கைக்குப் பலாப்பிஞ்சுதான் சரி. வேக வைத்து உதிர்த்து, அதே மசாலாவில் சுண்ட வைத்தால் கொத்துக்கறி மாதிரியே நார் நாராக நிற்கும். காளானும் ஆகும், ஆனால் தண்ணீர் விடும், நன்றாக வற்ற வேண்டும். முட்டை இல்லாவிட்டால் சாஸில் இன்னும் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு கூட்டி, சீஸில் பாதியைச் சாஸுக்குள்ளேயே கரைத்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன்னால் அரை மணி நேரம் ஆற வையுங்கள். அப்படியும் கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும், கரண்டியால் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.